பலகையும் மேயர் கதிரையும்

நகரசபைத் தேர்தல் முடிவு வந்தபோது சயந்தினி ஒரு பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை. இடைவேளையில் ஓடி விளையாடியதில் மூச்சு இழுக்கத் தொடங்கியதால் ஆசிரியை அவளைப் பாடசாலை அலுவலகத்துக்குக் கூட்டி வந்திருந்தார். ஆஸ்துமா மருந்துப் பஃபரை நாலு தரம் இழுக்கவைத்து, நாலு நிமிடம் பார்த்திருந்து, மறுபடியும் நாலு தரம். பிள்ளையின் உதட்டில் நிறம் திரும்பிய பிறகுதான் சயந்தினி கைபேசியை எடுத்துப் பார்த்தாள். பசுமைக் கட்சியில் அவளோடு போட்டியிட்ட, எல்லா என்ற பெயருடைய பெண் செய்தி அனுப்பியிருந்தாள்: “நாம் இருவருமே வென்றுவிட்டோம்.”

கிரேன்பீல்ட், டண்டினொங்குக்குப் பக்கத்திலுள்ள சிறிய நகரம். அங்குள்ள ஆரம்பப் பாடசாலையின் அலுவலகத்தில் சயந்தினி பதினொரு வருடமாக வேலை செய்கிறாள். பாடசாலையின் பின்வேலிக்கு முன்னூறு மீற்றர் அப்பால் குப்பை பிரிக்கும் நிலையம் ஒன்று இருந்தது. காணி நகரசபையினுடையது. அதைத் தனியார் கம்பனி ஒன்று குத்தகைக்கு எடுத்து நடத்தியது. முந்தின கோடையில் அங்கே தீப்பிடித்து ஒன்பது நாள் புகைந்துகொண்டே இருந்தது. அதற்கு முன் அலுவலக அலுமாரியில் பிள்ளைகளின் பஃபர்கள் பத்தொன்பது இருந்தன. அடுத்த தவணையில் அவை ஐம்பத்திரண்டாயின. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டியவள் அவள்தான். ஐம்பத்திரண்டாவது பெயரை ஒட்டிய அன்று பின்னேரம், நிலையத்தை மூடக் கேட்டு அவள் ஒரு மனுவை எழுதிக்கொண்டு பாடசாலை வாசலில் நின்றாள். பசுமைக் கட்சிக்காரர் மட்டும் வந்து கூட நின்றார்கள். அவள் அரசியலுக்கு வந்த கதை அவ்வளவுதான்.

நிலையத்தின் குத்தகை வருகிற ஜூன் முப்பதாம் திகதியோடு முடிகிறது. இன்னும் பத்து வருடம் வேண்டுமென்று கம்பனி கேட்டிருந்தது. அதை மறுக்கச் சபையில் ஐந்து கைகள் உயர வேண்டும். மொத்தம் ஒன்பது கவுன்சிலர்கள். பதினாறு வருடமாகச் சபையை வைத்திருந்த பழைய அணிக்கு நாலு பேர். பழமைவாதக் கட்சிக்கு, தமிழ்ச் சனம் சொல்வதுபோல் நீலக் கட்சிக்கு, மூன்று பேர். பச்சைக்கு இரண்டு பேர்.

பழைய அணியின் தலைவர் அன்றிரவே தொலைபேசியில் வந்தார். துணை மேயர் பதவி தருவதாகச் சொன்னார். குத்தகையைப் பற்றிக் கேட்டதும், “அது முடிந்துபோன விடயம்” என்றார்.

“குத்தகையை முடிக்கத்தான் என்னைத் தெரிவுசெய்தார்கள்” என்று சொல்லிச் சயந்தினி தொலைபேசியை வைத்தாள்.

மீதமிருந்தது ஒரு வழிதான். எல்லா அதைச் சொல்லத் தயங்கியபோது சயந்தினியே சொன்னாள். “ஹாரிகனிடம் போவோம்.”

சபையில் நீலக் கட்சிக்குத் தலைவரான பீட்டர் ஹாரிகனுக்கு அறுபத்தொரு வயது. பிரதான வீதியில் டயர்க் கடை வைத்திருந்தார். சயந்தினிக்கு அவரை முன்பே தெரியும். அவருக்கு அவளைத் தெரியாது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய தம்பி அனோஜன் படகில் வந்து, தடுப்பு முகாமிலிருந்து விடுபட்டு, அவளிடம் வந்துசேர்ந்த புதிது. இருவரும் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தபோது நீலச் சட்டை போட்ட ஒருவர் அகதிப் படகுகளை நிறுத்த வேண்டுமென்ற துண்டுப்பிரசுரத்தை அனோஜனின் கையில் வைத்தார். ஆங்கிலம் தெரியாத தம்பி, சிரித்தபடி “தாங்க் யூ” சொன்னான். அந்த நீலச் சட்டைக்காரர்தான் ஹாரிகன்.

டயர்க் கடையின் பின்னறையில் றப்பர் வாசம் அடித்தது. ஹாரிகன் அவளுக்கும் எல்லாவுக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தார். ஆங்கிலத்தில் நடந்த பேச்சு, எதிர்பார்த்ததைவிட வேகமாகப் போனது. நிலையத்துக்குப் பக்கத்துத் தெருக்களில்தான் அவருடைய வாக்காளர்கள் அதிகம். நாற்றத்தால் வீடு விற்க முடியாமல் அவரைத் தினமும் திட்டிக்கொண்டிருந்தார்கள். குத்தகையை நீடிப்பதில்லை. சரி. வீட்டுவரியை இரண்டு வருடம் ஏற்றுவதில்லை. எல்லா முகம் சுளித்தாள்; சயந்தினி சரியென்றாள். முதல் வருடம் ஹாரிகன் மேயர், இரண்டாம் வருடம் சயந்தினி மேயர். அதற்கும் சரி.

“இன்னும் ஒன்று இருக்கிறது” என்றார் ஹாரிகன். “நூலக வாசலில் நிற்கும் பலகை.”

அது எந்தப் பலகையென்று அவளுக்கு உடனே விளங்கியது. ‘அகதிகளை வரவேற்கும் நகரம்’ என்று பதினொரு மொழிகளில் எழுதிய பலகை. தமிழ் மூன்றாவது வரியில் இருந்தது.

“எனக்கு அது தொந்தரவில்லை. ஆனால் என்னோடு இருக்கும் மற்ற இருவரும் தங்கள் ஆட்களிடம் எதையாவது கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பச்சைக் கட்சியோடு சேர்ந்தோம், அதற்கு என்ன கிடைத்தது என்று கேட்பார்கள். பலகையைச் சத்தமில்லாமல் கழற்றிவிடுவோம். வேறெதையும் தொட மாட்டோம்.”

“யோசித்துச் சொல்கிறேன்” என்றாள் சயந்தினி.

அக்காவும் தம்பியும் இரண்டு அறை யுனிற் வீடு ஒன்றில் இருந்தார்கள். அனோஜன் இன்னும் தற்காலிக விசாவில்தான் இருந்தான். டண்டினொங் களஞ்சியசாலை ஒன்றில் வேலை. வாக்களிக்கும் உரிமை இல்லாவிட்டாலும் அக்காவுக்காக ஆயிரத்துக்கு மேற்பட்ட தபால்பெட்டிகளில் துண்டுப்பிரசுரம் போட்டவன் அவன்தான். அவன் கோபப்படுவான் என்று நினைத்துக்கொண்டே அவள் குசினியில் வைத்து விடயத்தைச் சொன்னாள்.

“கழட்டட்டும்” என்றான் அனோஜன்.

“என்னடா சொல்லுறாய்?”

“பலகை எனக்கு விசா தந்ததே? ஒரு நாள் வேலை தந்ததே? மழையிலை நனைஞ்சுகொண்டு நிக்குது, அவ்வளவுதான். நீ மேயரா வந்தியெண்டால் அது வேறை. கன்பராவிலை இருந்து மந்திரிமார் வருவினம். நேரை முகத்தைப் பாத்துக் கேக்கலாம். என்ரை அக்கா மேயர் எண்டு நான் லோயருக்குச் சொல்லலாம்.”

“அந்தாள்தான் அண்டைக்கு உனக்கு நோட்டீஸ் தந்தது. ஞாபகம் இருக்கோ?”

“ஏன் இல்லை? பேந்து இங்கிலிஸ் படிச்ச பிறகு அதை எடுத்து வாசிச்சனான்.” கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னான். “அதாலைதான் சொல்லுறன் அக்கா. அவையிட்டை இருந்து பெரிசா எடு. சின்னனைக் குடுத்திட்டுப் பெரிசை எடு.”

அவன் சொன்னதில் பிழையில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் அந்தப் பலகை தனக்காகவோ தம்பிக்காகவோ மட்டும் அங்கே நிற்கவில்லை என்ற எண்ணம் விடவில்லை.

புதன்கிழமைகளில் நூலகத்தின் பின்னறையில் தொண்டுச் சட்டத்தரணிகள் வந்து விசாக் காரியங்களை இலவசமாகப் பார்ப்பார்கள். சயந்தினி அந்தப் புதன்கிழமை பாடசாலை விட்டதும் நேரே அங்கே போனாள். இருபது பேரளவில் கதிரைகளில் காத்திருந்தார்கள். அவள் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில். பலகையை விட்டுக்கொடுத்தால் அடுத்த வருடம் தான் மேயர் ஆவேன் என்பதையும் மறைக்கவில்லை.

ஈரானிய இளைஞன் ஒருவன் தோளைக் குலுக்கினான். “மேயராகுங்கள்” என்றான். இன்னொருவர் கோபத்தில் எழுந்து வெளியே போனார். மற்றவர்களுடைய கவலை எல்லாம் உள்ளே கூப்பிடப்போகும் இலக்கத்தில்தான் இருந்தது.

கடைசிக் கதிரையில் குணவதி அன்ரி இருந்தார். துணி வெளுக்கும் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அனோஜன் வந்த அதே வருடம் மகளோடு படகில் வந்தவர். மடியில் பிளாஸ்ரிக் பையில் கடிதக்கட்டு ஒன்று வைத்திருந்தார்.

“பிள்ளை, நான் பன்னிரண்டு வருசமா இந்த நாட்டுக் கடிதம் பாக்கிறன்” என்றார் அவர். “மகள் வாசிச்சுச் சொல்லுவாள். ஒரு கடிதத்திலையும் வாங்கோ எண்டு எழுதியிருக்கேல்லை. உந்தப் பலகையிலை மட்டும்தான் எழுதிக் கிடக்கு. அதுவும் நான் வாசிக்கக்கூடின எழுத்திலை.”

“அப்ப விடவேண்டாம் எண்டு சொல்லுறியளோ, அன்ரி?”

“மேயர் கதிரை உம்மடை. அதை நீர் வைச்சிருக்கலாம், விடலாம். பலகை உம்மடை இல்லை. எப்பிடிக் குடுப்பீர்?”

சயந்தினி வீட்டுக்குப் போகாமல் நேரே டயர்க் கடைக்குப் போனாள். ஹாரிகன் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“பலகை இருக்கும்” என்றாள் அவள். “புதன்கிழமைச் சட்ட உதவி அறையும் இருக்கும். அதைத் தாளில் எழுத வேண்டும்.”

“அப்படியானால் என்னோடு இருப்பவர்களுக்கு நான் எதைக் கொண்டுபோவது?”

“மேயர் பதவியைக் கொண்டுபோங்கள். இரண்டு வருடமும் உங்கள் கட்சிக்குத்தான்.”

ஹாரிகன் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். “உங்களுக்கு அது வேண்டாமா?”

“வேண்டும். நிறையவே வேண்டும். இந்த நகரத்தில் எங்கள் ஆட்களில் ஒருவர் இதுவரைக்கும் மேயராக வந்ததில்லை. பெறுமதியில்லாத ஒன்றைத் தந்தால் நீங்கள் வாங்க மாட்டீர்கள்தானே?”

அவர் கடையைத் திரும்பத் திறந்தார். மேசைக்கு முன் அமர்ந்து இரண்டு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதினார்கள். கடைசியில் சயந்தினி இன்னொன்று கேட்டாள்: இதைச் சபையின் இணையத்தளத்தில் எல்லோரும் பார்க்கப் போட வேண்டும். இப்படியான தாளை யாராவது வெளியே போடுவார்களா என்று ஹாரிகன் கேட்டார்.

“சனத்துக்குக் காட்டக்கூடாத தாளென்றால் நான் கையெழுத்து வைக்க மாட்டேன்.”

அவர் கையெழுத்து வைத்தார்.

தாள் வெளியே வந்ததும் முதலில் வந்தவர் சச்சிதானந்தன் அங்கிள். ஓய்வுபெற்ற பொறியியலாளர். தமிழ்ச் சங்கத்தில் எல்லோரும் மதிக்கும் மனிதர். அவளுடைய தேர்தல் வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டு செய்தவர். அவளுடைய வீட்டு வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

“பிள்ளை, எங்கடை சனத்தைத் திருப்பி அனுப்பின கட்சிக்கு மேயர் கதிரையை ரெண்டு வருசத்துக்குத் தூக்கிக் குடுத்திருக்கிறீர். என்ன செய்யிறீர் எண்டு தெரிஞ்சுதான் செய்யிறீரோ?”

“தெரியும் அங்கிள். உள்ளுக்கு வாங்கோ, விளங்கப்படுத்திறன்.”

“நான் ஸ்பிரிங்வேலிலை கடை கடையா ஏறி, எங்கடை பிள்ளை மேயரா வரப்போகுது எண்டு சொன்னனான். இனி அந்தச் சனத்தின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?”

“என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ. ஒவ்வொரு கடையிலையும் நானே சொல்லுறன்.”

அவர் படியிறங்கிப் போனார்.

பசுமைக் கட்சியின் உள்ளூர்க் கூட்டத்தில் மூன்று மணித்தியாலம் அவளைக் கேள்வி கேட்டார்கள். பழமைவாதிகளோடு சேர்ந்தால் நம்முடைய பெயர் என்னாகும் என்று ஒருவர் கேட்டார். வீட்டுவரி ஏறாவிட்டால் மரம் நடுவது எப்படி என்று இன்னொருவர் கேட்டார். அது நியாயமான கேள்வி. “மரம் பிந்தும்” என்று ஒப்புக்கொண்டாள். “ஆனால் ஜூன் முப்பதாம் திகதியைத் தவறவிட்டால் அடுத்த திகதிக்குப் பத்து வருடம் இருக்கவேண்டும். இப்போது முதலாம் வகுப்பிலிருக்கும் பிள்ளை அதற்குள் வளர்ந்து வேலைக்கே போய்விடும்.” இருபத்து மூன்று பேர் ஆதரித்தார்கள். பத்தொன்பது பேர் எதிர்த்தார்கள்.

மேயர் தெரிவு நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் நடந்தது. பார்வையாளர் இருக்கைகள் நிறைந்து பின்னாலும் ஆட்கள் நின்றார்கள். அவளுக்கு வாக்குப் போட்ட பலபேர் இருந்தார்கள். சச்சிதானந்தன் அங்கிள் இரண்டாவது வரிசையில் கைகட்டிக்கொண்டிருந்தார். அனோஜனும் வேலை உடுப்போடு வந்து கதவோரம் நின்றான். அவன் அவளோடு கதைத்து ஐந்து நாளாகியிருந்தது. கதிரையை விட்டுக்கொடுத்ததை அவனால் பொறுக்க முடியவில்லை.

ஹாரிகனின் பெயர் முன்மொழியப்பட்டது. ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தும்படி அதிகாரி கேட்டார். ஹாரிகனும் அவருடைய இருவரும் உயர்த்தினார்கள். எல்லா உயர்த்தினாள். சபை முழுவதும் சயந்தினியைப் பார்த்தது.

அவள் முழங்கை நிமிரக் கையை உயர்த்தினாள். அரைகுறையாக உயர்த்தினால் வெட்கப்படுகிறாள் என்று நினைப்பார்கள். அவள் வெட்கப்படவில்லை. பின்னாலிருந்து “வெட்கம்!” என்று யாரோ ஆங்கிலத்தில் கத்தினார்கள். கதிரைகள் இழுபட்டன. சச்சிதானந்தன் அங்கிள் எழுந்து வெளியே போனார். அவரோடு ஏழெட்டுப் பேர் போனார்கள். அதிகாரி எண்ணி முடிக்கும்வரை அவள் கையை இறக்கவில்லை.

அதன் பிறகு வந்த மாதங்கள் லேசாக இருக்கவில்லை. ஹாரிகனோடு அவளுக்கு ஒவ்வொரு கிழமையும் ஏதோ ஒன்றில் முரண்பாடு. வாகனத் தரிப்பிடம், சைக்கிள் பாதை, நூலகம் திறக்கும் நேரம். சிலதில் அவள் தோற்றாள். ஹாரிகன் சொன்ன சொல்லை மாற்றாதவர் என்பதை மட்டும் அவள் மெல்ல மெல்லக் கண்டுகொண்டாள். அதனால் மே மாதம் அவர் கூப்பிட்டுச் சொன்னது அவளைத் திடுக்கிடவைத்தது.

“கம்பனி பதினெட்டு மாதம் மட்டும் கேட்கிறது. இடம் மாறுவதற்கு அவகாசமாம். என்னுடைய ஆட்களில் ஒருவர் அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டார். நானும் யோசிக்கிறேன். நாற்பது பேருடைய வேலை, சயந்தினி.”

“நாற்பது பேரையும் மற்றக் கிளைக்கு எடுப்பதாகக் கம்பனியே போன மாதம் எழுதித் தந்தது. நான் நேரில் போய் அங்கே வேலைசெய்கிறவர்களிடம் கேட்டேன். அவர்களுக்கும் கடிதம் கிடைத்திருக்கிறது.” அவள் தன் பையிலிருந்து இரண்டு பக்கத் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். “இதில் திகதி எழுதியிருக்கிறது. கீழே இருப்பது உங்கள் கையெழுத்து. வரவு செலவுத் திட்டத்துக்கும் அடுத்த மாதம் ஐந்து கை வேண்டும்.”

“மிரட்டுகிறீர்களா?”

“இல்லை. நீங்கள் தந்த சொல்லை நம்பி நான் என் ஆட்களை இழந்தேன். அந்தச் சொல்லைத்தான் கேட்கிறேன்.”

ஹாரிகன் தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். குத்தகை வாக்கெடுப்பு நடந்த பின்னேரம் வரைக்கும் அவர் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியாது.

அன்று பழைய அணியில் ஒருவர் ஊரில் இல்லை. எட்டுப் பேர்தான். குத்தகையை நீடிக்கக்கூடாது என்ற பிரேரணையைச் சயந்தினி கொண்டுவந்தாள். பேச மூன்று நிமிடம் கொடுத்தார்கள். அவள் தீயைப் பற்றியோ நாற்றத்தைப் பற்றியோ பேசவில்லை. அந்த வருடம் பாடசாலை அலுவலகத்துக்கு மூச்சுத் திணறி வந்த பிள்ளைகளின் வயதுகளை மட்டும் திகதி வாரியாக வாசித்தாள். ஆறு, எட்டு, ஐந்து, ஐந்து, பதினொன்று. மூன்று நிமிடம் முடிந்தபோது மார்ச் மாதத்தையே தாண்டியிருக்கவில்லை. அப்படியே நிறுத்திவிட்டுக் கதிரையில் அமர்ந்தாள்.

ஆதரவாக நாலு கைகள் உயர்ந்தன. அதில் ஹாரிகனுடைய கையும் இருந்தது. எதிராகவும் நாலு. நீலக் கட்சியின் ஒருவர் அந்தப் பக்கம் போயிருந்தார். சமமாக நின்றால் மேயருக்கு இன்னொரு வாக்கு உண்டு.

ஹாரிகன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தன் கட்சிக்காரரைப் பார்த்தார். அந்த மனிதர் தலையை இல்லையென்று ஆட்டினார்.

“மேயரின் வாக்கு பிரேரணைக்கு ஆதரவு” என்றார் ஹாரிகன். “நிறைவேறியது. அடுத்த விடயம்.”

எல்லா அழுதுவிட்டாள். சயந்தினி அழவில்லை. தண்ணீர் குடித்தாள். அடுத்த விடயம் நாய்ப் பூங்காவுக்கு வேலி போடுவது. அதற்கும் இருந்து வாக்களித்தாள். இடைவேளையில் அனோஜன் தொலைபேசியில் வந்தான். வேலையிடத்தில் பாரந்தூக்கிகளின் சத்தம் பின்னால் கேட்டது.

“அக்கா, லைவ்விலை பாத்தனான். இஞ்சை நாலு பெடியளுக்கும் காட்டினனான்.” பிறகு கேட்டான். “நீ அந்தக் கதிரையை விட்டுக் குடுத்திருக்காட்டில் அந்தாள் அந்தப் பக்கம் போயிருப்பான், என்ன?”

“தெரியாதடா. சில வேளை போயிருக்கலாம்.”

“சரி. சாப்பிட்டியோ? சோறு பிரிஜ்ஜிலை கிடக்கு.”

அவனுக்கு நிரந்தர விசா இன்னும் வரவில்லை. குணவதி அன்ரிக்கும் வரவில்லை. சச்சிதானந்தன் அங்கிள் கடைத்தெருவில் கண்டால் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். அவள் ஒவ்வொரு முறையும் வணக்கம் சொல்கிறாள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது ஹாரிகன் தன்னுடைய வாகனத்துக்குப் பக்கத்தில் நின்றார். குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு என் கட்சிக்காரர்கள் என் தோலை உரித்துவிடுவார்கள்” என்றார்.

“நவம்பரில் எனக்கு உரித்தார்கள். திரும்ப வளரும்.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, பையிலிருந்து தாள்கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். தொழிற்சாலைப் பக்கத்துப் பேருந்துத் தரிப்பிடங்களின் பட்டியல் அது. பதினாலு தரிப்பிடங்களில் கூரையில்லை. கோடையில் நாற்பது பாகை வெயிலில் வேலையாட்கள் தலையில் அட்டைப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

“இதை நான் ஆதரிக்க மாட்டேன்” என்றார் ஹாரிகன், படித்துப் பார்க்காமலே.

“தெரியும். திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கடைக்கு வருகிறேன்.”

“ஏழரைக்கு வாருங்கள். எட்டு மணிக்கு வாடிக்கையாளர்கள் வந்துவிடுவார்கள்.”

சயந்தினி கட்டைத் திரும்பப் பைக்குள் வைக்காமல் அவருடைய கையிலேயே விட்டுவிட்டுத் தன் காரை நோக்கி நடந்தாள்.